கருமணல் பிறந்த கதை

கன்னியாகுமரிக் கடைகளில் சங்குமாலைக்கும் பாசிமணிக்கும் நடுவே வண்ண மணல் பொட்டலங்கள் தொங்கும். கறுப்பு, கருஞ்சிவப்பு, வெள்ளை. பகவதி அம்மனின் கல்யாணம் நின்றுபோனபோது விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் இப்படி மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. நிலவியலாளர்கள் சொல்லும் கதையிலும் திருப்பங்களுக்குக் குறைவில்லை. அது தொடங்கிய காலத்தில் குமரிமுனை என்று ஒரு முனையே கிடையாது.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது. நிலத்துண்டுகள் மோதிய வேகத்தில் பழைய சேற்றுப் படிவுகள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே அமுங்கின. அங்கே வெப்பம் 800 டிகிரியைத் தாண்டியது. சேறு வெந்து, உருமாறி, கடும்பாறையானது. அதற்குள் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், சிர்க்கான், தோரியத்தைப் பொதிந்துவைத்த மஞ்சள் மோனசைட் எல்லாம் சிறு சிறு மணிகளாகப் பிறந்தன. பிறந்த இடமோ பாதாளம். வெளியே வர வழியே இல்லை.

வழி மேலிருந்து திறந்தது. மேலே எழுந்து நின்ற மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் காற்றிலும் தேய்ந்தன. பாரம் குறையக் குறையக் கீழிருந்த பாறை மெல்ல உயர்ந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் பிய்த்துக்கொண்டு போனது. மேற்கே கடல் புகுந்தது. பாதாளப் பாறை ஒருவழியாக வெயிலைப் பார்த்தது. பார்த்த நாள் முதலே அதற்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். நாவில்கூடத் தெரியாத அந்தப் புளிப்பு, வெப்பமண்டலத்துச் சூட்டோடு சேர்ந்தால் மலையையே உளுத்துப்போகச் செய்யும். பாறையில் பெரும்பங்கு வகித்த ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாக மாறியது. இரும்பு துருப்பிடித்துச் செம்மண்ணாயிற்று. குமரி மாவட்டத்தில் சாலைக்காக வெட்டிய மேடுகளில் இதைக் கண்கூடாகவே பார்க்கலாம்: பாறையின் பழைய வரிகள் அப்படியே இருக்கும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். ஆனால் மாவுக்கு நடுவே சில மணிகள் மட்டும் விரலில் நெருடும். குவார்ட்ஸ், கார்னெட், இல்மனைட், சிர்க்கான், மோனசைட். மற்றதெல்லாம் கரைந்தும் மக்கியும் போனபோது இவை மசியவில்லை. வீடு இடிந்துவிட்டது; குடியிருந்தவர்களுக்குப் போக்கிடம்?

ஆறுகள் அழைத்துப் போயின. வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறும், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் குழித்துறையாறும் குட்டையான ஆறுகள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் வேகத்துக்குக் குறைவில்லை. களிமண்ணைக் கலங்கலாகவும் மணலை உருட்டிக்கொண்டும் ஓடின. ஆனால் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்தைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்து எங்கோ விலகிக் கிடந்தது. ஆறுகள் அவ்வளவு தூரமும் போய் அங்கே மணலைக் கொட்டின. பிறகு பனி உருகிற்று. கடல் பொங்கி ஏறி, அந்தப் பழைய கரையை மணலோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

விழுங்கியதைக் கடல் முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. முன்னேறி வந்த அலைகள் மணலில் ஒரு பகுதியைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தன. ஏறத்தாழ 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் ஓரளவு நிலைத்தது. அதன்பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தென்மேற்குப் பருவக்காற்றில் கரையேறும் அலை எல்லா மணிகளையும் வாரிக்கொண்டு வரும். திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லை. எடை குறைந்ததை மட்டும் இழுத்துப் போகும். தண்ணீரைப்போல குவார்ட்ஸ் 2.65 மடங்கு கனம், கார்னெட் 4 மடங்கு, இல்மனைட் 4.7, மோனசைட் 5. முறத்தில் தானியம் புடைப்பதுபோலக் கடல் ஆண்டுதோறும் புடைத்தது; கனத்தவை கரையில் தங்கின. கரையில் ஒரு முழம் தோண்டினால் கறுப்பும் வெளுப்பும் சிவப்புமாக அடுக்கடுக்காகத் தெரியும். மணவாளக்குறிச்சி, சின்னவிளை கரைகள் கருமணலால் நிறைந்தன. மீனவர்கள் அதன்மேல் கட்டுமரம் ஏற்றினார்கள், வலை உலர்த்தினார்கள். அதன் விலை தெரிய வேண்டுமானால் ஐரோப்பாவில் ஒரு விளக்கு எரிய வேண்டியிருந்தது.

1885-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் கேஸ் விளக்குக்கு மேன்டில் என்ற ஒளிரும் வலையைக் கண்டுபிடித்தார். முதல் மேன்டில் பச்சை ஒளி காட்டியதால் விலைபோகவில்லை. 1891-இல் தோரியம் ஆக்சைடோடு துளி சீரியம் ஆக்சைடைச் சேர்த்தார். வெள்ளை வெளிச்சம் பிறந்தது. நகரங்கள் அதை வாரிக்கொண்டன. தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அது பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. வேறெங்கும் இத்தனை மலிவாகக் கிடைக்காது என்றே வணிகர்கள் நம்பினார்கள்.

1909-இல் அந்த நம்பிக்கையை ஒரு கயிறு அறுத்தது. அன்று குமரிப் பகுதியும் அடங்கியிருந்த திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்தார். சோதித்தால் மோனசைட்! கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு வந்தவர், மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை போட்டார். தொழில் சூடு பிடிக்கும்போது முதல் உலகப்போர் வெடித்தது. ஜெர்மன் உளவாளி என்ற சந்தேகத்தில் அவர் கைதானார். தொழில் ஆங்கிலேயர் வசம் போனது. அதற்குள் மின்விளக்கு வேறு மேன்டிலின் பிழைப்பைக் கெடுக்கத் தொடங்கியிருந்தது.

மோனசைட்டைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கறுப்பு இல்மனைட் வெறும் கழிவாகவே பார்க்கப்பட்டது. அதில் டைட்டானியம் இருந்தது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் வேதியியலாளர்கள் அதிலிருந்து ஒரு வெள்ளை நிறமியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை பெயின்டுக்குப் பயன்பட்ட ஈய வெள்ளை நஞ்சு. இதில் அந்த ஆபத்து இல்லை, மூடும் திறனும் அதிகம். 1920-களில் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறியது. இரண்டாம் உலகப்போருக்குமுன் உலகச் சந்தையில் அதுவே முதலிடத்தில் நின்றது. சுவரில் அடிக்கும் வெள்ளை பெயின்டும், காகிதத்தின் வெளுப்பும், பற்பசையின் பளபளப்பும், முகப்பவுடரும் டைட்டானியம் டை ஆக்சைடின் தயவுதான். அதன் பிறப்பிடங்களில் ஒன்று இந்தக் கறுப்பு மணல்.

அணுயுகம் வந்ததும் மோனசைட்டின் மவுசு மறுபடி ஏறியது. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்றலாம் என்ற கனவு பிறந்தது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது. மணல் எடுப்பதால் கடலரிப்பு கூடுகிறது என்று கரையோர மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். குழித்துறையாற்றின் மேற்பகுதியில் பேச்சிப்பாறை அணை 1906 முதல் நிற்கிறது. மலை உதிர்க்கும் மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். கரையில் இருப்பது 6,000 ஆண்டுக் கையிருப்பு. ஆலைக்கு வேண்டியதோ தினமும் லாரி லாரியாக.