எருசலேம் நம்மூருக்கு வந்த கதை

திருவண்ணாமலைக்காரனுக்கு யாத்திரை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசாமாசம் பௌர்ணமிக்கு ஊரே நிரம்பி வழியும். தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். வருகிறவர்களுக்கு வழி சொல்லியே பாதி வாழ்க்கை போய்விடுகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், "புனித நாடுகள் பயணம், இஸ்ரேல், எகிப்து, ஜோர்டான், 10 நாட்கள்" என்று ஒரு ஃப்ளெக்ஸ் போர்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அங்கே போக ஆரம்பித்தது எப்போ? அதற்கு முன்னால், போக முடியாத காலத்தில், என்ன பண்ணினார்கள்? அந்தத் தேடலில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில் பழைய கதை. எருசலேமுக்கு யாத்திரை போன கிறிஸ்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில், கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது கி.பி. 333ஐச் சேர்ந்தது. எழுதியவர் பிரான்சின் போர்தோவிலிருந்து கிளம்பியவர். பெயர் தெரியாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எத்தனை மைல், எங்கே குதிரை மாற்றலாம் என்று ரயில்வே கால அட்டவணை மாதிரி எழுதியிருக்கிறார். படிக்க சுவாரசியம் கம்மி.

அடுத்து வருகிறவர்தான் நம்ம ஆள். எகேரியா என்று ஒரு பெண்மணி. 381லிருந்து 384 வரை சினாய், எருசலேம், மெசப்பொத்தாமியா என்று சுற்றினார். இன்றைய ஸ்பெயின் பக்கத்துக்காரர் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். சினாய் மலையில் கால் நோக நோக ஏறுவார். வழியில் பார்க்கிற துறவிகளையெல்லாம் நிறுத்தி, "இதுதான் அந்த இடமா? அந்தக் கதை நடந்தது இங்கேதானா?" என்று துளைத்தெடுப்பார். எல்லாவற்றையும் ஊரில் இருக்கிற தன் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அதாவது, வர முடியாதவர்களுக்காக. அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் 1884ல்தான் திரும்பக் கண்டெடுக்கப்பட்டது. பதினைந்து நூற்றாண்டு கழித்து!

அதில் ஒரு காட்சி. பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறு எருசலேமில் என்ன நடக்கிறது என்று சொல்கிறார். ஜனங்கள் ஒலிவ மலையிலிருந்து நகரத்துக்குள் இறங்கி வருகிறார்கள். குழந்தைகள் கையில் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும். நடக்கத் தெரியாத பிள்ளைகள் பெற்றோர் தோளில்.

இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன்னா இது நம்ம தெருவில் வருஷாவருஷம் நடப்பதுதானே! குருத்தோலை ஞாயிறு. ஒலிவக்கிளைக்கு நாம் எங்கே போக? தென்னங்குருத்து இருக்கிறது. எருசலேமில் பார்த்ததைப் போனவர்கள் ஊருக்கு எடுத்துப்போனார்கள். அங்கங்கே கொண்டாடினார்கள். ஐரோப்பா முழுக்கப் பரவி, கப்பலேறி, கடைசியில் நம்மூர்க் குருத்தோலையில் வந்து நிற்கிறது. அந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டில் மாட்டி வைப்பார்கள். அடுத்த வருஷம் அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயர் 'திருநீற்றுப் புதன்'. அண்ணாமலையார் ஊரில் இருந்துகொண்டு இந்தப் பெயரை ரசிக்காமல் எப்படி?

சிலுவைப்பாதை இன்னும் பெரிய கதை. எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனாலும் இரண்டு பக்கச் சுவரிலும் பதினான்கு படங்கள் இருக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அதைச் சுற்றி வந்து ஜெபிப்பார்கள். எருசலேமின் புனித இடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 1342ல் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளிடம் வந்தது. வருகிற யாத்திரிகர்களுக்கு இயேசு சிலுவை சுமந்த வழியைக் காட்டியவர்கள் அவர்கள்தான். எருசலேமுக்கு வர முடியாதவர்களுக்கு? அவரவர் ஊரிலேயே ஒரு எருசலேம் பாதை. 1731ல் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட், எல்லாக் கோயில்களிலும் இதை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்து, எண்ணிக்கையையும் பதினான்கு என்று உறுதி செய்தார். சென்னை பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறியவர்கள் அந்தப் பதினான்கையும் பார்த்திருப்பீர்கள்.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்தப் பதினான்கு என்ற கணக்கு எருசலேமில் பிறந்ததே இல்லை. அங்கே நிறுத்தங்கள் குறைவாகத்தான் இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் "எங்க ஊரில் பதினான்கு இருக்கே, மீதி எங்கே?" என்று தேட, எருசலேம் பாதையே அந்தக் கணக்குக்கு ஏற்ப மாறிக்கொண்டது. நகலைப் பார்த்து அசல் திருந்தியது! (நம்ம கிரிவலப் பாதையும் பதினான்கு கிலோமீட்டர்தான். சும்மா சொன்னேன், முடிச்சு போட வேண்டாம்.)

வெறும் கோயில் சுவரோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் சாண்பத்து என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாசரேத் ஆனது. இன்றைக்கு நாசரேத்துக்கு ரயில் ஏறலாம், பாஸ்போர்ட் வேண்டாம். பிரான்சில் லூர்து காட்சி நடந்தது 1858ல். 1877லேயே புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் லூர்து மாதா வந்தாயிற்று. நம்ம மாவட்டத்துச் சேத்துப்பட்டிலும் லூர்து மாதா கோயில் உண்டு. அது பிரெஞ்சுப் பாதிரியார் தாராஸ் உழைத்த ஊர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கே வழியில்லாதவர்கள். அவர்களுக்கு எருசலேமும் பெத்லகேமும் கதையில் வருகிற ஊர்கள். நடந்து போகக்கூடிய புண்ணியத்தலம் சேத்துப்பட்டுதான்.

போகிற வழியும் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. 1869ல் சூயஸ் கால்வாய். அதே வருஷம் தாமஸ் குக் தன் முதல் புனித நாட்டுச் சுற்றுலாவை நடத்தினார். 1892ல் யாப்பாவிலிருந்து எருசலேமுக்கு ரயில். ஆனால் இதெல்லாம் காசுள்ள வெள்ளைக்காரர்களுக்கு. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெயர் தெரிந்த யாத்திரிகர் என்றால் சாது சுந்தர் சிங். பஞ்சாப்காரர். காவி உடுத்தி 1918ல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஊர் ஊராகப் பேசியவர். 1922ல் பாலஸ்தீனம் போய்ப் பார்த்தார்.

1948க்குப் பிறகு எல்லாம் சிக்கல். நாசரேத்தும் கலிலேயாவும் இஸ்ரேலிடம், பெத்லகேமும் பழைய எருசலேமும் யோர்தானிடம். நடுவே எல்லைக்கோடு, கடக்க மண்டெல்பாம் கேட் என்று ஒரே வாசல். இயேசு பிறந்த ஊர் ஒரு நாட்டில், வளர்ந்த ஊர் இன்னொரு நாட்டில். இது 1967 வரை. இந்தியாவோ 1950ல் இஸ்ரேலை அங்கீகரித்தாலும் முழுத் தூதரக உறவு வைத்தது 1992 ஜனவரியில்தான். நம்ம பக்கத்துச் சாதாரண ஆசிரியரும் குமாஸ்தாவும் குழுவாகக் கிளம்பும் காலம் அதன் பிறகே வந்தது என்று நினைக்கிறேன்.

2011-12ல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழக அரசு எருசலேம் பயணத்துக்கு மானியம் அறிவித்தது. ஆளுக்கு 20,000 ரூபாய், வருஷத்துக்கு 500 பேர். பிறகு 37,000 ஆனது, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. நல்ல திட்டம்தான். ஆனால் பயணச் செலவு லட்சத்தைத் தாண்டும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். ஆக, பென்ஷன்காரர் போகலாம், பி.எஃப். பணம் வந்தவர் போகலாம். சேத்துப்பட்டுக்கு நடக்கிற கூலிக்காரர் இந்த மானியத்தை வைத்துக்கொண்டு சென்னை ஏர்போர்ட் வரைதான் போக முடியும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி. 2023 அக்டோபரில் போர் வந்ததும், காசிருந்த குழுக்களும் ரத்து செய்து உட்கார்ந்தன.

அதற்கு முன்பே போய்வந்தவர் எங்கள் தெரு டீச்சரம்மா. ரிட்டையரானவர், வேதக்காரர். "என்னம்மா பாத்தீங்க?" என்றேன்.

"பெத்லகேம் கோயில் வாசல் இம்புட்டுதாம்ப்பா, குனிஞ்சாத்தான் நுழையலாம். முட்டிவலிக்காரி நான், போகும்போதும் குனிஞ்சேன், வரும்போதும் குனிஞ்சேன்" என்றார்.

சிலுவைப்பாதை? "கடைத்தெருவுப்பா அது. நம்ம தேரடி மாதிரியே. ஒருத்தன் மாலை விக்கிறான், ஒருத்தன் ஜூஸ் பிழியறான். நடுவுல நாங்க அழுதுக்கிட்டே போறோம்."

அவர் அதிகம் பேசியது ஒலிவ மலையில் இருக்கும் பாத்தர் நோஸ்தர் கோயிலைப் பற்றி. இயேசு சீடர்களுக்கு ஜெபம் கற்றுக்கொடுத்த இடம் என்பது நம்பிக்கை. அங்கே அந்த ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். தமிழும் உண்டு. குழுவில் இருந்த அத்தனை பேரும் அதன் முன்னால் நின்றுவிட்டார்களாம். "நானும் நாலு வார்த்தை படிச்சேன், அதுக்கு மேல முடியல" என்றார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தது 1715ல். எருசலேம் தமிழில் அச்சேறி முந்நூறு வருஷம் ஆகிறது. எருசலேமில் தமிழைப் பார்த்த சந்தோஷம் அந்தம்மாவுக்கு.

திரும்பி வந்தபோது பெட்டியில் துணியைவிட மற்றதுதான் அதிகம். ஒலிவ மரச் சிலுவைகள், எண்ணெய், ஒரு பொட்டலம் மண், யோர்தான் தண்ணீர். காசிக்குப் போனவர் கங்கைச் சொம்பு கொண்டுவருவது போலத்தான். நைஜீரியாவில் எருசலேம் போய்வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' போட்டுக்கொள்வதுண்டு, எருசலேம் யாத்திரிகர் என்று அர்த்தம். கிரேக்கர்களிடம் 'ஹாட்ஜி' என்று ஒரு அடைமொழி இருந்தது. இந்தம்மாவுக்குப் பட்டமெல்லாம் இல்லை, வேலைதான். ஒரு மாசம் வீடு வீடாகப் போய் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பங்கு வைத்தார். படுத்த படுக்கையாய் இருந்த அவர் அக்காவுக்கு மட்டும் ஒரு முழு பாட்டில். அக்கா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?"

எகேரியா கதையில் ஒன்று பாக்கி. கிடைத்த பிரதியில் முன்பக்கமும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்து, அடுத்து எபேசு போகப்போகிறேன், உயிரோடு இருந்தால் பார்த்ததை நேரில் வந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எழுதுகிறேன் என்று சகோதரிகளுக்குத் தெரிவிக்கிறார். அவர் ஊர் திரும்பியதைச் சொல்லும் வரி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.