மேடை கொடுத்த மரியாதை



"நாட்டுப்புறப் பாட்டு மேடைக்கு வந்து வளர்ந்ததா, தேய்ந்ததா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ரொம்ப உருக்கமாகப் பேசினார். வயல்ல பாட்டு இருந்துச்சாம், வரப்புல பாட்டு இருந்துச்சாம், மைக் வந்ததும் எல்லாம் போயிடுச்சாம். கேட்ட எனக்கே கண் கலங்கிடுச்சு. ஆனா அம்மா, நீங்க எந்த வயல்ல நடவு நட்டீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

நான் பாகூர்ப் பக்கத்துக்காரன். என் ஆயா நடவு நட்டவங்க. முதுகு வலி தெரியக் கூடாதுன்னுதான் பாட்டு. சாயங்காலம் அந்தப் பாட்டுக்குக் கூலி உண்டா? கிடையாது. நட்டதுக்குத்தான் கூலி. அதையும் வாசலுக்கு வெளியே நின்னு வாங்கணும். பாட்டு வீட்டுக்குள்ள போகலாம், பாடினவ போகக் கூடாது. அந்த வயலைத்தான் என் தோழி சொர்க்கம் என்கிறார்.

நடுவர் அவர்களே, வரலாற்றுக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தப் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1955ல், இளையான்குடி பக்கத்தில் மாரந்தை என்ற சின்ன ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் குணசேகரன். பின்னாளில் கே.ஏ.குணசேகரன் என்று தமிழ்நாடே அறிந்த பெயர்.

ஒடுக்கப்பட்ட குடும்பம். சின்ன வயதில் சாதி கொடுத்த அடிகளை அவரே எழுதியிருக்கிறார். 2005ல் வந்த அந்தத் தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'வடு'. காயம் ஆறிடும், வடு ஆறாது. இளையான்குடி முஸ்லிம் வீடுகளில் தீண்டாமை இல்லாமல் புழங்க முடிந்ததையும், சுற்றியிருந்த கிராமங்களில் அது முடியாமல் போனதையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

அந்தப் பிள்ளை கையில் இருந்த சொத்து என்ன? தொண்டை! அதோடு படிப்பு. மக்கள் பாட்டை மக்களிடம் கேட்டார், ஆராய்ச்சி செய்தார், முனைவர் ஆனார். அவருக்கு முன்னாலும் பாட்டைச் சேகரித்தவர்கள் உண்டு. கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' பதிப்பித்தார். நா.வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்தார். அவர்கள் பாட்டைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். குணசேகரன் புத்தகமும் எழுதினார், பாட்டை மேடையிலும் ஏற்றினார். 'தன்னானே' என்று ஒரு கலைக்குழு. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராக் கொண்டுபோனது அவர் குரல்தான். 2017ல் அம்ஷன் குமார் எடுத்த படத்துக்குப் பேரே 'மனுசங்கடா'. பாட்டு தேய்ஞ்சிருந்தா அந்தப் பேர் வந்திருக்குமா?

நம்ம ஊருக்கு வருவோம். நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் மறைந்தது இந்தப் புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் பேரில் ஒரு நிகழ்கலைப் பள்ளி. அதற்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார் குணசேகரன். 'பலி ஆடுகள்' என்று நாடகம் எழுதினார். தமிழில் தலித் அரங்குக்கு முன்னோடி என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 2008ல் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனார்.

இனி என் வீட்டுக் கதை. எங்க அப்பா பறை அடிச்சவர். சாவு விழுந்தா ஆள் வரும். ராத்திரியோ, மழையோ, காய்ச்சலோ, போகணும். மாட்டேன்னு சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச அன்னைக்கு அப்பா பறையைத் தூக்கிப் பரண்ல போட்டார். "இது என்னோட போகட்டும். நீ தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்"னார்.

வேலைக்குப் போன பிறகு குணசேகரன் பாடின கேசட் ஒண்ணு வாங்கி வந்து போட்டேன். அப்பா திண்ணையில உட்கார்ந்து கேட்டார். "யார்டா இவரு?" "பல்கலைக்கழகத்துல பேராசிரியர்ப்பா." அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "பேராசிரியரா இருந்துகிட்டா நம்ம பாட்டைப் பாடறாரு? மறைக்கலையா?"

நான் பதில் சொல்லலை. மறுநாள் காலையில பார்த்தா, பறை பரண்ல இல்லை. அப்பா மடியில இருந்துச்சு. தோலைத் தடவிப் பார்த்தார். கிழிஞ்சு போயிருந்துச்சு. "உன்னை அன்னைக்குத் தடுத்தது தப்போடா?"ன்னு கேட்டார். (அமைதி)

அப்பா செய்தது தப்பில்லை, நடுவர் அவர்களே. மாட்டேன்னு சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிறது அடிமைத்தனம். நானே விரும்பி, கூலி பேசி, பேர் போட்டு அடிக்கிறது கலை. தோல் அதே தோல்தான், குச்சி அதே குச்சிதான். நடுவில் வந்தது மேடை.

எதிரணி சொல்றதுல ஒரு நியாயம் உண்டு. மேடைக்கு வந்து மூணு நிமிஷமா வெட்டுப்பட்ட பாட்டு உண்டு, கொச்சையான பாட்டும் உண்டு. ஒத்துக்கறேன். ஆனா நீங்க பாட்டு தேய்ஞ்சதான்னு பார்க்கறீங்க. நான் பாடினவன் நிமிர்ந்தானான்னு பார்க்கறேன். பாடறவன் குனிஞ்சே கிடந்தா அந்தப் பாட்டு வளர்ந்து என்ன பிரயோசனம்? (பலத்த கைதட்டல்)

2016 ஜனவரி 17ல் குணசேகரன் இந்தப் புதுச்சேரியிலேயே கண் மூடினார். 2025ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே பட்டியலில் நம்ம புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தியும் இருந்தார். தவிலும் பறையும் ஒரே பட்டியலில்! எங்க அப்பா அதைப் பார்க்க இல்லை.

எனவே, நாட்டுப்புறப் பாட்டு மேடைக்கு வந்து வளர்ந்தது, பாடியவனையும் வளர்த்தது என்று கூறி அமர்கிறேன்.