ஆண்டிபட்டிச் சாட்டை
1965 பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். நம்பியாரைச் சாட்டையால் விளாசுவார். அந்த அடிக்கு ஏன் அப்படி விசில் பறந்தது? 1940-களில் தஞ்சைப் பண்ணையாட்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகத்தான் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். திரையில் சாட்டை கைமாறியிருந்தது. 1984-இல் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே எங்க ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்ததில் அந்தச் சாட்டைக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

ஆசைப்பட்டு நானும் ஒரு சினிமாச் சாட்டை வாங்கினேன். முதல் வீச்சிலேயே காதோரம் கிழிந்தது. நுனி ஒலிவேகத்தைத் தாண்டுவதால்தான் அந்த வெடிச்சத்தமே வருகிறது; சும்மாவா?

வண்டிமாடு ஓட்டிய தாத்தா, "மாட்டு மேல படாம சத்தம் மட்டும் வரணும்டா. சுத்தி ரெண்டு சாட்டை நீளத்துக்கு ஆள் நிக்கக்கூடாது" என்றார். இப்போது கண்ணாடி, தொப்பியோடு தரிசில் பழகுகிறேன். தாத்தா மட்டும் அதைத் தொடமாட்டார். அவங்க அய்யா முதுகில் பட்டது வேற சாட்டை.