மே/பா

சித்தப்பா குள்ளஞ்சாவடியிலிருந்து வேலை தேடி நெய்வேலிக்கு வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த நாட்களில், அவருக்கு வரும் கடிதங்களில் ‘மே/பா’ போட்டு அப்பாவின் பெயர் இருக்கும். தபால்காரருக்கு வட்டமும் குவார்ட்டர்ஸ் எண்ணும் போதும். உள்ளே யாருக்கு என்பது எங்கள் பாடு. சித்தப்பா பதில் எழுதும்போது அனுப்புநர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தாலும் தபால்பெட்டி ஏன் என்று கேட்டிருக்காது.

மின்னஞ்சலும் அப்படித்தான் தொடங்கியது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில், அனுப்புபவர் சொல்லும் முகவரியை சர்வர் நம்பிக்கொள்ளும். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வுக்கூடங்களுக்கு அது போதும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தபோதும் அதே கதைதான். ஸ்பேம் பெருகிய பிறகு, 1999 மார்ச்சில்தான் அஞ்சல் அனுப்ப லாகின் கேட்கும் முறை தரமானது.

ஆனால் கதவைத் தட்டியது யார் என்பதை மட்டுமே லாகின் சொல்லும். உள்ளே வந்தவர் யார் பெயரில் கடிதம் போடுகிறார் என்பது வேறு கேள்வி. நான் முன்பு வேலை பார்த்த சின்னக் கம்பெனி ஒன்றில் ஒருத்தர் தன் சொந்தப் பாஸ்வேர்டில் நுழைந்து, மேனேஜர் பெயரில் ஒரு பெண்ணுக்கு ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார். விளையாட்டாம். அவர் மறுநாள் வரவில்லை.

சர்வர் என் பொறுப்பு. வீட்சா வெனிமா உருவாக்கி 1998 இறுதியில் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ்தான் அது. எந்த முகவரி எந்த லாகினுக்குச் சொந்தம் என்று அதில் ஓர் அட்டவணை வைக்கலாம். அன்று ராத்திரியே வைத்தேன். காலையில் கணக்குப் பிரிவு அக்கா, “என் மெயில் போகவே மாட்டேங்குது தம்பி” என்றார். அவர் அனுப்பியது செல்வி+பில் என்ற முகவரியிலிருந்து. கூட்டல் குறிக்குப் பின்னால் எந்த ஒட்டு இருந்தாலும் அஞ்சல் செல்வியின் பெட்டிக்கே வரும்; நம்ம மே/பா மாதிரிதான். ஆனால் நான் போட்டிருந்தது ரெஜெக்ஸ் அட்டவணை. அது ஒட்டைக் கழற்றாது, முழு முகவரியைத்தான் ஒப்பிடும். சாதாரண அட்டவணை என்றால் முதலில் முழு முகவரியைத் தேடும்; இல்லையென்றால் ஒட்டை நீக்கித் தேடும்.

அந்த வரிசை முக்கியம். கியூமெயில் வழக்கப்படி ஒட்டுக்குறி சிறுகோடாக இருந்தால், அருள்-குமார் என்கிற தனி ஆளும் அருளின் ஒட்டாகிவிடுவார். முழுப் பெயர் அட்டவணையில் இருந்தால்தான் தப்பிப்பார்.

அட்டவணையை மாற்றினேன். செல்வி+பில் போனது. என் லாகினில் மேனேஜர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். 553, இந்த முகவரி உன்னுடையதல்ல என்று திரும்பி வந்தது.