எம்டனை எதிர்நின்ற சிறு கப்பல்

துணிவும் சூழ்ச்சித்திறனும் ஒருங்கே வாய்ந்தவனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழரிடையே உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னையின்மீது குண்டுமாரி பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியக் குரூசர், நம் மொழியில் ஒரு சொல்லாகவே குடியேறிவிட்டது. அதற்கு அடுத்த மாதமே அந்த எம்டனை எதிர்த்து நின்று மூழ்கிய பிரெஞ்சுக் கப்பலொன்றின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 'மூஸ்கே' என்பது அதன் பெயர். பழங்காலத் துப்பாக்கி வகையொன்றைக் குறிக்கும் சொல் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் போர்க்கப்பல்களை அச்சுறுத்தியவை சின்னஞ்சிறு டார்பீடோப் படகுகளே. இருளில் நெருங்கி வந்து ஒரே அடியில் கவிழ்க்கும் அப்படகுகளை வேட்டையாடவே 'நாசகாரி' எனும் கப்பல் வகை தோன்றியது. பிரிட்டன் 1893இல் 'ஹேவக்' கப்பலைக் கடலில் இறக்கிற்று, பிரான்சும் பின்தொடர்ந்தது. அங்கே 'ஆர்க்கபூஸ்' என்னும் வகையில் இருபது கப்பல்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றான மூஸ்கே, 1902இல் நாந்த் நகரில் நீரில் இறக்கப்பட்டது.

அதன் எடை ஏறத்தாழ 300 டன். நீளம் 58 மீட்டர். அகலமோ ஆறு மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த ஒல்லியான உடலுக்குள் 6,300 குதிரைசக்தி கொண்ட இரண்டு நீராவி எந்திரங்களைத் திணித்திருந்தனர். 28 நாட் வேகம் வேண்டும் என்பதே வடிவமைத்தோரின் ஒரே குறிக்கோள். வேகத்திற்காக எல்லாவற்றையும் துறந்தனர்: கவசம் இல்லை, பக்கத் தகடுகள் மெல்லியவை, 65 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும் 47 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறும் மட்டுமே. இரண்டு டார்பீடோக் குழாய்களே அதன் உண்மையான படைக்கலம். அவையும் மிக அருகில் சென்றால்தான் பயன்படும். அதாவது, இருளும் வேகமும் துணை நின்றாலன்றி இக்கப்பலுக்கு வாழ்வில்லை. இதனை வடிவமைப்பின் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரவுக்கென்று படைத்த கருவியைப் பகலில் போரிட வைத்தது காலத்தின் கோலம்.

பின்னர் மூஸ்கே கீழ்த்திசைக் கடல்களுக்கு வந்தது. போர் மூண்டபோது அதன் வயது பன்னிரண்டு. நாசகாரிகளின் கணக்கில் அது முதுமை.

1914 அக்டோபர் 28, விடியற்காலை. பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. நங்கூரமிட்டுக் கிடந்த 'ழெம்சூக்' என்னும் ருஷ்யக் குரூசரை இரண்டு டார்பீடோக்களால் தகர்த்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியேறும் வழியில், இரவுக் காவல் முடித்துத் திரும்பிய மூஸ்கே எதிர்ப்பட்டது. பொழுது நன்கு புலர்ந்துவிட்டிருந்தது.

எம்டனிடம் 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் பத்து. நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்தே அவை முழங்கின. மூஸ்கே சுட்டது, டார்பீடோவும் செலுத்தியது. பயனில்லை. சில நிமிடங்களில் முன்புறமாகச் சாய்ந்து மூழ்கியது. தலைவர் தெருவான் கால்களை இழந்த நிலையிலும் தம்மைக் கப்பலோடு கட்டச் சொல்லி அதனுடனேயே ஆழ்ந்தார் என்பர்.

இதன்பின் நடந்ததுதான் என் உள்ளத்தைத் தொட்டது. பகைவர் சூழ்ந்த கடலில், ஒவ்வொரு நொடியும் ஆபத்தாக இருக்கையில், எம்டனின் தலைவர் ஃபான் முல்லர் படகுகளை இறக்கி 36 பிரெஞ்சு மாலுமிகளை நீரிலிருந்து மீட்டார். உடன்பிறப்புக் கப்பலான 'பிஸ்தொலே' துரத்தி வந்து, மழைத்திரையில் எம்டனைத் தவறவிட்டது. மீட்கப்பட்டோரில் மூவர் காயங்களால் இறந்தனர். அவர்களை ஜெர்மானியர் இராணுவ மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தனர். எஞ்சிய 33 பேரும் அக்டோபர் 30இல் வழிமறிக்கப்பட்ட 'நியூபர்ன்' என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர்.

பத்து நாட்கள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் குரூசர் 'சிட்னி'யின் பெரும் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல், எம்டனும் பவளப்பாறையில் மோதிக் கிடந்தது.