ஊத்துக்கோட்டை தாண்டினால் மலை: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டியில் இருந்து சைக்கிளில் எங்கே போகலாம்? எங்கே கவனம் தேவை?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இரண்டு வகை சைக்கிள்களைப் பார்க்கலாம். ஹெல்மெட், சிவப்பு பின்விளக்கு, மெல்லிய டயர் என வரிசையாகப் போவது சென்னையில் இருந்து மலை பார்க்கக் கிளம்பிய கூட்டம். எதிர்ப்பக்கம் விளக்கே இல்லாமல், ஹேண்டில்பாரில் டிபன் பை ஆட வருவது சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவரின் சைக்கிள். இரண்டு பேருக்கும் பக்கத்தில் உரசிக்கொண்டு போவது அதே கம்பி ஏற்றிய டிரெய்லர்தான்.

நீங்கள் முதல் வகை என்றால், ஊட்டி, கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை. சென்னையில் இருந்து சைக்கிளிலேயே காலையில் கிளம்பி, மலையடிவாரக் கிராமங்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியும். எந்த வழி, என்ன சிக்கல் என்பதை இங்கே பார்க்கலாம்.

இங்கே மலை ஏது?

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் ஏரி, செங்கல் சூளை, தொழிற்சாலை என்றுதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையை ஒட்டி நாகலாபுரம் மலை, நகரி மலை, சத்தியவேட்டைச் சுற்றிய குன்றுகள் எனத் தொடர்ச்சியாக மலைகள் உண்டு. இந்த மலைகளின் பெரும்பகுதி இன்று ஆந்திராவில் இருக்கிறது.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மொழிவாரி மாநிலப் பிரிவினைக்குப் பிறகு எல்லையைத் திருத்த 1959இல் ஒரு சட்டம் வந்தது. அது 1960 ஏப்ரல் 1 முதல் அமலானது. ம.பொ.சி உள்ளிட்டோர் போராடிய திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்கு பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்த பல கிராமங்கள் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போயின. அதனால்தான் இந்த வழிகளில் போகும்போது கடைப் பலகை தெலுங்கில் இருந்தாலும், டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்ததில் சத்தியவேடு, நாகலாபுரம் பகுதிகள் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு, ஏலகிரி மாதிரி 14 வளைவு என இங்கே எதுவும் கிடையாது. சாலை மலை மேல் ஏறாது, மலையை ஒட்டியும் மலைகளுக்கு நடுவிலும் போகும். ஏற்றத்தில் மூச்சு வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் திருத்தணி முருகன் கோயிலுக்கு வாகனங்கள் போகும் மலைப்பாதை இருக்கிறது. குட்டி ஏற்றம்தான், ஆனால் தொடை பேசும்.

முதல் வழி: பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம்

செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் பெரியபாளையம். பவானி அம்மன் கோயில் இருக்கும் ஊர். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்தப் பக்கம் சைக்கிளை எடுக்காதீர்கள். வேனும் ஆட்டோவும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

அங்கிருந்து ஊத்துக்கோட்டை வரை வயல், பூந்தோட்டம், வேர்க்கடலைக் கொல்லை. ஆரணி ஆறு கூடவே வரும். ஊத்துக்கோட்டை தாண்டியதும் எல்லை. சில கிலோமீட்டரில் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷம் குடித்த களைப்பில் சிவபெருமான் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில் இங்கேதான். சிவனைக் கிடந்த கோலத்தில் பார்ப்பது அபூர்வம்.

அடுத்து நாகலாபுரம். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரோடு தொடர்புடைய வேதநாராயணர் கோயில் ஊர் நடுவில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் சில நாட்கள் மட்டும் மாலை வெயில் நேராகக் கருவறைக்குள் போய் விழும். சென்னையில் இருந்து இதுவரை ஒருவழித் தூரம் சுமார் 70 கி.மீ. முதல்முறை வருபவர்கள் இங்கேயே டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், போய்வர 140 கி.மீ ஆகிவிடும்.

கால் இன்னும் தாங்கும் என்றால் பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகப் புத்தூர் போய், நகரி, திருத்தணி, திருவள்ளூர் எனச் சுற்றி வரலாம். மொத்தம் 200 கி.மீ அளவுக்கு வரும். இந்தச் சுற்றில் ரொம்பவும் அழகான பகுதி நாகலாபுரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில்தான். மாந்தோப்புகள், அதற்குப் பின்னால் மலை. நகரி, பள்ளிப்பட்டு பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்கும். நகரி மூக்கு என்று சொல்லும் மலைமுகடு நீண்ட நேரத்துக்குக் கண்ணை விட்டுப் போகாது.

இரண்டாவது வழி: திருவள்ளூர், பூண்டி, அத்திரம்பாக்கம்

குழந்தைகளோடு போக விரும்புபவர்களுக்கும் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்களுக்கும் இதுதான் பொருத்தம். திருவள்ளூரில் இருந்து பூண்டி சுமார் 12 கி.மீ. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட இந்த ஏரிக்கு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர். மொத்தக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நாம் வீட்டில் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

கண்டலேறு அணையில் இருந்து 152 கி.மீ ஓடிவரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்ட்டில் தமிழகத்துக்குள் நுழைந்து, இன்னொரு 25 கி.மீ ஓடிப் பூண்டியில் சேர்கிறது. பூண்டியில் இருந்து சீத்தஞ்சேரி வழியாக ஊத்துக்கோட்டை போனால், தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

வழியில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் அவரது சகாவும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். பின்னாளில் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வில், இங்கே கிடைத்த கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் தெரியவந்தது. சுற்றியுள்ள குன்றுகளில் கூழாங்கல்லும் உருண்டைப் பாறையும் குவிந்துகிடப்பதுதான் ஆதிமனிதர்கள் இங்கே தங்கக் காரணம். கருவிக்குத் தேவையான கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இந்தக் கருவிகளைப் பார்க்க வேண்டுமென்றால் பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடியம் குகைக்குக் காட்டுக்குள் நடந்துதான் போக வேண்டும். வனத்துறையிடம் கேட்காமல் போகாதீர்கள்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு?

கவரைப்பேட்டையில் இருந்து சத்தியவேடு போகும் சாலைதான் உங்கள் வழி. சத்தியவேட்டில் இருந்து ஊத்துக்கோட்டைக்கு வந்து, பெரியபாளையம் வழியாகத் திரும்பலாம். தடா, வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு அருவிப் பக்கமும் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வண்டிகள் அதிகம். மலையே வேண்டாம், காற்று போதும் என்றால் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. சமதளம்தான், ஆனால் கடற்காற்று எதிரே வீசினால் அதுவே ஒரு மலை.

பிரெவே என்கிறார்களே, அது என்ன?

போட்டி இல்லாத நெடுந்தூர சைக்கிள் பயணம். 200 கி.மீ தூரத்தை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. இடையில் உள்ள சோதனை மையங்களில் கார்டில் பதிவு செய்ய வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. இதன் தாய் அமைப்பு பாரிஸில் இருக்கிறது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டோனர்ஸ் மூலம், சென்னை உட்பட பல ஊர்களின் குழுக்கள் இதை நடத்துகின்றன. ஒரே சீசனில் நான்கு தூரத்தையும் முடித்தவருக்கு ‘சூப்பர் ராண்டோனர்’ பட்டம்.

எப்போது போகலாம், என்ன கொண்டுபோக வேண்டும்?

டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு மேல் இந்த ஊர் வெயில் சும்மா விடாது. வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணி ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். பூண்டியைத் திறந்தால் கொசஸ்தலையிலும் அதே கதைதான். தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கவே கூடாது.

பஞ்சர் ஆனால்? வழியெங்கும் பஞ்சர் கடை உண்டு. ஆனால் ரோடு பைக்கின் மெல்லிய வால்வுக்கு அவர்களிடம் இருக்கும் பம்ப் பொருந்தாது. அந்த டியூபும் கிடைக்காது. இரண்டு டியூப், கைப்பம்ப், வால்வு அடாப்டர் கட்டாயம். சாதாரண சைக்கிளில் போகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய காலத்தில் இருந்து வந்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளுக்கு எந்தக் கிராமத்திலும் ஆள் இருக்கிறார்.

உண்மையான ஆபத்து எது?

நாயும் இல்லை, வெயிலும் இல்லை. டிப்பரும் டிரெய்லரும்தான். கல்குவாரி லாரிகள் ஓடும் கிளைச் சாலைகளில் ஓரம் பெயர்ந்து ஜல்லி சிதறிக்கிடக்கும். கனரக வண்டி கடக்கும்போது அந்த ஜல்லியில் இறங்கினால் சறுக்கல்தான். தேசிய நெடுஞ்சாலைப் பகுதியை வெளிச்சம் வந்த பிறகே கடந்துவிடுங்கள். பின்விளக்கும் பளபளக்கும் மேல்சட்டையும் பகலிலும் இருக்கட்டும்.

சனி, ஞாயிறு மட்டும் வருபவர்களால் இதையெல்லாம் வாங்க முடியும். தினமும் இருட்டில் வேலைக்குப் போகும் தொழிலாளியின் சைக்கிளில் பின்பக்க ரிஃப்ளெக்டர்கூட உடைந்துபோய் இருக்கும். குழுவாகப் போகிறவர்கள் நாலு ஒளிரும் ஸ்டிக்கர் கையில் வைத்திருந்து, டீக்கடையில் நிற்கும் சைக்கிளில் கேட்டு ஒட்டிவிட்டுப் போகலாம்.

அடிபட்டால் முதலில் 108, இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். மோதிய வண்டி தெரிந்தால், நீங்கள் வசிக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். விபத்து ஆந்திராவில் நடந்தது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. சைக்கிளில் போனவருக்கும் இது பொருந்தும். விபத்து நடந்த இடத்தின் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இதற்கு முக்கியம். எனவே ‘சைக்கிள்தானே’ என்று யாராவது சொன்னாலும் புகாரைப் பதிவு செய்யாமல் வந்துவிடாதீர்கள்.