ரோமர் 13: அரசுக்குக் கீழ்ப்படிதலும் அதன் எல்லையும்

அரசுக்குக் கீழ்ப்படிவது குறித்த கிறித்தவச் சிந்தனை பெரும்பாலும் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைச் சுற்றியே வளர்ந்தது. நீரோ பேரரசனாக இருந்த காலத்தில், கி.பி. 57-ஐ ஒட்டி, ரோமாபுரியில் இருந்த சிறுபான்மைச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. ஆளும் அதிகாரம் கடவுளின் ஏற்பாட்டில் வந்தது, அதை எதிர்ப்பது அந்த ஏற்பாட்டை எதிர்ப்பதாகும், வரியும் மரியாதையும் உரியவர்களுக்குச் சேரவேண்டும் என்று முதல் ஏழு வசனங்கள் சொல்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தில் வேறொரு குரல் கேட்கிறது. இயேசுவின் பெயரால் போதிக்கக் கூடாதென்று எருசலேமின் ஆலோசனைச் சங்கம் தடை விதிக்கிறது. கடவுளின் கட்டளையை மனிதரின் கட்டளைக்குப் பின்னால் வைக்க முடியாதென்று பேதுரு மறுக்கிறார். இரண்டும் ஒரே வேதத்தில் இருப்பதால், எதுவரை கீழ்ப்படிவது என்ற கேள்வி திருச்சபையை விட்டு அகலவே இல்லை.

பவுல் கையாண்ட சொல்லிலேயே இதற்கு ஒரு திறப்பு இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோர் சொல்லைக் கேட்பதைக் குறிக்கும்போது கிரேக்கத்தில் ‘ஹுப்பாகுவோ’ என்று வருகிறது. ரோமர் 13-இல் வருவதோ ‘ஹுப்போடாஸ்ஸோ’: ஓர் ஒழுங்குக்குள் தன்னைக் கீழே நிறுத்திக்கொள்ளுதல். தமிழ் வேதாகமம் இரண்டையும் ‘கீழ்ப்படிதல்’ என்றே பெயர்த்ததால் தமிழில் வாசிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை. அநியாயமான உத்தரவை நிறைவேற்ற மறுத்து, அதற்குரிய தண்டனையை ஓடி ஒளியாமல் ஏற்பவரும் ‘ஹுப்போடாஸ்ஸோ’வுக்குள்தான் இருக்கிறார் என்று மெனோனைட் இறையியலாளர்கள் சிலர் வாதிட்டுள்ளனர்.

முதல் தலைமுறைகள் வாழ்ந்து காட்டியதும் ஏறக்குறைய இதையே. கி.பி. 112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, கிறித்தவர் என்ற குற்றச்சாட்டை மறுத்தவர்களைப் பேரரசனின் சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சரசமும் படைக்கவைத்தார். கிறித்தவர் என்று ஒப்புக்கொண்டு, மும்முறை விசாரித்தும் அசையாதவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வரி கட்ட மறுத்தவர்களோ வாள் எடுத்தவர்களோ அல்லர். பேரரசனுக்காக வேண்டிக்கொள்வோம், அவனைக் கடவுள் என்று மட்டும் சொல்லமாட்டோம் என்று கி.பி. 197-இல் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இந்த நிலையை விளக்கினார். பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு ஆள்பவனே கிறித்தவன் ஆனான். தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்ததற்காக 390-இல் பேரரசர் தியோடோசியஸைப் பாவப்பரிகாரம் செய்யவைத்தவர் மிலான் ஆயர் அம்புரோஸ். ஆயினும் அடுத்த பல நூற்றாண்டுகளில் அரசனைக் கண்டித்த ஆயர்களைவிட அவனை ஆசீர்வதித்தவர்களே அதிகம்.

சீர்திருத்தக் காலத்தில் கேள்வி மறுபடி சூடேறியது. மார்ட்டின் லூத்தரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சாக்சனிக் கோமகன் ஜார்ஜ் தடைசெய்து, பிரதிகளை ஒப்படைக்க உத்தரவிட்டார். 1523-இல் லூத்தர் எழுதிய பதில்: ஓர் ஏடும் கொடுக்காதீர்கள், வீடு புகுந்து எடுத்துப் போனால் கைகலக்காதீர்கள். உடலையும் உடைமையையும் ஆளும் உரிமை அரசனுக்கு உண்டு, ஆன்மாவை ஆள இல்லை என்பது அவர் கோடு. இரண்டே ஆண்டுகளில், 1525-இன் உழவர் எழுச்சியின்போது, அதே ரோமர் 13-ஐக் கொண்டு கலகக்காரர்களை வெட்டி வீழ்த்தும்படி அவர் பிரபுக்களைத் தூண்டினார். லூத்தரின் எழுத்துகளில் இத்தனை வேதனை தருவது வேறு சிலவே. 1527-இன் ஷ்லைத்தைம் அறிக்கையில், வயதுவந்தோருக்கே திருமுழுக்கு என்ற அனபாப்திஸ்துகள் வேறு வழி கண்டனர்: அரசின் வாளைக் கடவுள் ஏற்படுத்தியிருக்கிறார், கிறிஸ்துவின் சீடர் அதைத் தொடக்கூடாது. கொடுங்கோலனைத் தனிமனிதன் எதிர்க்கலாகாது, கீழ்நிலை அதிகாரிகள் எதிர்க்கலாம் என்ற சீர்திருத்தவாதி கால்வினின் கருத்து பிற்காலப் புரட்சிகளுக்கு உதவியது.

ரோமர் 13 மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது ஹிட்லரின் ஜெர்மனியில். 1933 செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபையின் பேரவை, யூத வம்சாவளிப் போதகர்களை விலக்கும் ‘ஆரிய விதி’யை ஏற்றது. எதிர்த்தவர்கள் 1934 மே 29 முதல் 31 வரை வுப்பர்டாலின் பார்மன் பகுதியில் கூடி ஆறு கூற்றுகள் கொண்ட அறிக்கையை ஏற்றனர். அதைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். அதன் ஐந்தாம் கூற்று அரசின் பணி நீதியையும் அமைதியையும் காப்பது என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பணியைத் தாண்டி மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு ஆகிவிட அரசுக்கு உரிமை இல்லை என்றது. அடுத்த மாதமே அல்ட்டவுஸ், எலெர்ட் உள்ளிட்ட லூத்தரன் அறிஞர்கள் அன்ஸ்பாக்கில் மறுப்பு வெளியிட்டு, ஹிட்லரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். இரு தரப்பும் ஒரே வேதத்தைக் கற்றவர்கள்.

பார்மன் அறிக்கையின் துணிவைப் போற்றும்போது அதன் மௌனத்தையும் பேசவேண்டும். யூதர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. திருச்சபையின் சுதந்திரத்தையே அது காத்துநின்றது. அந்தக் குறையைப் பார்த் பின்னாளில் தம் குற்றமாக ஒப்புக்கொண்டார். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் 1935-இல் பான் பல்கலைக்கழகப் பதவியை அவர் இழந்திருந்தார். அரசின் சக்கரத்தில் சிக்கியவர்களுக்குக் கட்டுப்போடுவதோடு நில்லாமல், சக்கரத்தையே தடுத்து நிறுத்தும் வேளையும் வரலாம் என்று 1933-இலேயே எழுதியவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்ட அவரை 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டனர்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் ரோமர் 13-ஐயே கேடயமாகப் பிடித்தது. 1985 செப்டம்பரில் 150-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட கைரோஸ் ஆவணம் அதற்கு ‘அரச இறையியல்’ என்று பெயர் சூட்டியது. பவுல் ஒரு குறிப்பிட்ட சபைக்கு, குறிப்பிட்ட சூழலில் எழுதியதை எல்லாக் கொடுங்கோலருக்குமான உரிமப் பத்திரமாக மாற்றக்கூடாது என்றது.

யெகோவாவின் சாட்சிகள் 1929 முதல் 1962 வரை, ரோமர் 13-இல் வரும் மேலான அதிகாரங்கள் என்பதற்குக் கடவுளும் கிறிஸ்துவும் என்றே பொருள் கொண்டனர். பிறகு அரசுகளையே குறிக்கிறதென்று திருத்திக்கொண்டனர். கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, பாடாமல் இருந்ததற்காக 1985-இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட மூன்று பிள்ளைகள் இந்தப் பிரிவினரே. அவர்களை மீண்டும் சேர்க்கும்படி 1986 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறநெறிக்கு முரணான ஆணைகளை மனச்சாட்சிப்படி மறுப்பது குடிமக்களின் கடமை என்று 1992-இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் ஊர் விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டருக்கு இதைச் சொல்லும் ஆள் அன்று கிடைக்கவில்லை. ஹிட்லரின் படையில் போரிடலாமா என்று அவர் லின்ஸ் ஆயரிடமே போய்க் கேட்டார். மனைவி மக்களை எண்ணிப் பணியுமாறு அறிவுரை வந்தது. அவர் பணியவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை துண்டிக்கப்பட்டார். போருக்குப் பின் பல ஆண்டுகள் அவர் மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2007-இல் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்த நாளில், 94 வயதான அந்த மனைவியும் அங்கே இருந்தார்.